பழைய எம்எக்ஸ்-5க்குப் புது டயர்: பினாங்கு மழையில் அட்வான் ஃப்ளேவா

பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கு டயர் வாங்கும்போது பிராண்ட் மூன்றாவது கேள்விதான். டயர் எப்போது செய்யப்பட்டது என்பது முதல் கேள்வி. அந்த அளவு காரின் எடைக்கும் சஸ்பென்ஷனுக்கும் பொருந்துமா என்பது இரண்டாவது. இந்த இரண்டும் சரியாக அமைந்த பிறகு யோகோஹாமாவா, பிரிட்ஜ்ஸ்டோனா, டோயோவா என்று பேசலாம்.

நான் கடைசியில் போட்டது யோகோஹாமா அட்வான் ஃப்ளேவா வி701, 195/50 ஆர்15 (அகலம் 195 மில்லிமீட்டர், பக்கச் சுவரின் உயரம் அதில் 50 விழுக்காடு, ரிம் 15 அங்குலம்). பந்தயத் தடத்துக்குப் போகாத, வார இறுதியில் ஆசையாக எடுத்து ஓட்டுகிற, எடை குறைந்த பழைய காருக்கு, அதுவும் பினாங்கு மாதிரி மழை ஊரில், இது நல்ல தேர்வு. வாங்கி ஒரு மழைக்காலம் முழுவதும் ஓட்டிய பிறகு இதை எழுதுகிறேன்.

என் கார் 1990ஆம் ஆண்டு மஸ்டா எம்எக்ஸ்-5, முதல் தலைமுறை, 1.6 லிட்டர். ஜப்பானில் இதை யூனோஸ் ரோட்ஸ்டர் என்று விற்றார்கள். மாமா அங்கிருந்து இறக்குமதியான காரை வாங்கிப் பல வருஷம் பத்திரமாக வைத்திருந்து, பிறகு எனக்குக் கொடுத்தார். எடை ஆயிரம் கிலோவுக்கும் குறைவு. என்ஜின் முன்னால், இழுப்பது பின் சக்கரம், எடை முன்னும் பின்னும் ஏறக்குறைய சரிபாதி. பவர் ஸ்டீரிங் கிடையாது. சாலையில் நடப்பது எல்லாம் நேராக உள்ளங்கைக்கு வந்துவிடும். அதனால்தான் டயர் விஷயத்தில் இந்தக் கார் அவ்வளவு கறார். பெரோடுவா மைவி மாதிரி ஒரு சின்னக் குடும்பக் காரில் டயர் மாற்றினால் சத்தம் கூடியதா குறைந்ததா என்பதுதான் தெரியும். இதில் டயர் மாற்றினால் காரே வேறு காராகிவிடும்.

மாமா கொடுத்தபோது இருந்த டயர்களின் பள்ளங்கள் நன்றாகவே இருந்தன. கிட்டத்தட்ட ஐந்து மில்லிமீட்டர் ஆழம். சட்டம் கேட்பது 1.6 மில்லிமீட்டர்தான். ஆனால் பக்கச் சுவரில் டாட் என்ற எழுத்துகளுக்குப் பின்னால் வரும் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கம் 0915. அதாவது 2015ஆம் ஆண்டின் ஒன்பதாவது வாரம். நகத்தால் அழுத்தினால் பிளாஸ்டிக்கை அழுத்துவது போல இருந்தது. பள்ளத்தின் அடியில் மெல்லிய வெடிப்புகள். பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்கள் எல்லாருக்கும் வரும் நிலைமை இது. கார் அதிகம் ஓடாது, அதனால் டயர் தேயாது, ஆனால் வெயிலும் ஓசோனும் ரப்பரைத் தின்றுகொண்டே இருக்கும். ரப்பருக்குள் கலந்திருக்கும் பாதுகாப்பு மெழுகு, டயர் உருண்டு நெளியும்போதுதான் மேற்பரப்புக்கு வரும். நிறுத்தி வைத்த காரில் அதுவும் வராது. ஐந்து வருஷத்துக்குப் பிறகு ஆண்டுதோறும் சோதிக்க வேண்டும், பள்ளம் எவ்வளவு இருந்தாலும் பத்து வருஷத்துக்கு மேல் வேண்டாம் என்று மிஷெலின் சொல்கிறது. நம் ஊர் வெயிலில் திறந்த வெளியில் நிற்கும் காராக இருந்தால் நான் அதற்கும் முன்பே மாற்றிவிடுவேன்.

காய்ந்த சாலையில் அந்தப் பழைய டயர்கள் ஒரு குறையும் காட்டவில்லை. மழையில்தான் வேஷம் கலைந்தது. ஆயர் ஈத்தாமில் ஒரு வட்டச் சாலையில், சாதாரண வேகத்தில், இரண்டாவது கியரில் மெதுவாக மிதித்ததற்கே பின்பக்கம் நழுவியது. இந்தக் காரில் அதைத் தடுக்க மின்னணு உதவி எதுவும் கிடையாது. பிரேக்கில், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ்ஸும் கிடையாது. சாலைக்கும் நமக்கும் நடுவில் இருப்பது நான்கு உள்ளங்கை அளவு ரப்பர் மட்டும்தான்.

சரி, அளவுக்கு வருவோம். இதுதான் நான் அதிக நேரம் செலவழித்த இடம்.

தொழிற்சாலையில் இந்தக் காருக்கு வந்தது 185/60 ஆர்14, ஐந்தரை அங்குல அகல ரிம். அந்த ஏழு கம்பி அலுமினிய ரிம் ஒன்று ஆறு கிலோவுக்கும் குறைவு. அவ்வளவு லேசான ரிம் இன்று வாங்கப்போனால் நல்ல விலை. 185/60 ஆர்14 டயர் மலேசியாவில் இன்னும் கிடைக்கிறது, இங்கே ஓடும் பழைய புரோட்டான் கார்களுக்கு நன்றி. ஆனால் அந்த அளவில் கடையில் இருப்பவை குடும்பக் கார் டயர்கள்: மிஷெலின் எக்ஸ்எம்2 பிளஸ், குட்இயர் டுராபிளஸ், காண்டினென்டல் கம்ஃபர்ட் காண்டாக்ட். எல்லாம் நல்ல டயர்கள். நீண்ட நாள் உழைக்கவும் சத்தமில்லாமல் ஓடவும் செய்தவை. ஸ்டீரிங்கைத் திருப்பியதும் பதில் சொல்ல வேண்டும் என்பது அவற்றின் முதல் நோக்கம் இல்லை.

பதினைந்து அங்குல ரிம்முக்குப் போனால் கதவு திறக்கும். 195/50 ஆர்15 என்பது உலகம் முழுக்க சின்ன ஸ்போர்ட்ஸ் கார்களும் பழைய ஹோண்டா சிவிக்குகளும் போடும் அளவு. கணக்குப் போட்டுப் பாருங்கள். 185/60 ஆர்14 டயரின் மொத்த உயரம் 577.6 மில்லிமீட்டர். 195/50 ஆர்15 டயருக்கு 576. வித்தியாசம் ஒன்றரை மில்லிமீட்டர் சொச்சம். வேகமானி பொய் சொல்லாது, கியர் விகிதம் மாறாது, மட்கார்டில் உரசாது.

பட்டர்வொர்த் பக்கம் ஒரு பெரிய கடையில் என்னிடம் 195/55 ஆர்15 போடச் சொன்னார்கள். “ஸ்டாக் இருக்கு, ஒரே அளவுதான், அஞ்சு நம்பர்தானே கூட” என்றார் கவுண்டரில் இருந்தவர். அந்த ஐந்து, டயரின் மொத்த உயரத்தை 595.5 மில்லிமீட்டர் ஆக்குகிறது. மூன்று விழுக்காடு அதிகம். வேகமானி காட்டுவதைவிட கார் வேகமாகப் போகும், ஏற்றத்தில் கியர் நீளமாகத் தெரியும். 120 குதிரைத்திறன் உள்ள காரில் மூன்று விழுக்காட்டை நான் யாருக்கும் தானம் செய்யத் தயாராக இல்லை. நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

இன்னொரு அளவும் யோசித்தேன். மூன்றாம் தலைமுறை மைவியின் 185/55 ஆர்15. உயரம் 584.5, ஒரு விழுக்காடு சொச்சம்தான் அதிகம். மைவி இந்த நாட்டில் எத்தனை ஓடுகிறது என்று சொல்லத் தேவையில்லை, அதனால் இந்த அளவில் டயர் எப்போதும் புதுசாக இருக்கும். ரிம்மின் அகலம் ஆறு அங்குலமாக இருந்து, பணமும் பார்த்துச் செலவழிக்க வேண்டியவர்களுக்கு இது நியாயமான வழி.

ரிம் எங்கே வாங்குவது என்று கேட்பவர்களுக்கு: போல்ட் அமைப்பு நான்கு துளை, அவை அமையும் வட்டம் 100 மில்லிமீட்டர். பழைய சிவிக், புரோட்டான் விரா, மைவி எல்லாவற்றுக்கும் இதேதான். எனவே பிறை ஊர்ப் பக்கம் உள்ள ஹாஃப் கட் கடைகளில் (பாதியாக வெட்டிய பழைய கார்களின் பாகங்கள் விற்பவை) குவிந்து கிடக்கும். நடுத்துளை மட்டும் கவனம். எம்எக்ஸ்-5க்கு 54.1 மில்லிமீட்டர், ஹோண்டாவுக்கு 56.1. ஹோண்டா ரிம் வாங்கினால் இடைவெளியை நிரப்பும் வளையம் போட வேண்டும், இல்லையென்றால் நெடுஞ்சாலையில் ஸ்டீரிங் நடுங்கும். ஆஃப்செட், அதாவது ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து அது காரில் பொருந்தும் முகம் வரை உள்ள தூரம், தொழிற்சாலைக் கணக்கில் 45 மில்லிமீட்டர். மாமா ஏற்கெனவே ஆறரை அங்குல அகலத்தில் பதினைந்து அங்குல ரிம் போட்டிருந்தார், அதனால் எனக்கு இந்தச் செலவு வரவில்லை. பழைய பதினான்கு அங்குல ரிம்களை வீட்டில் துணி சுற்றி வைத்திருக்கிறேன். யாரும் கேட்காதீர்கள்.

இப்போது ரப்பர் வகை. 195/50 ஆர்15 என்றதும் நண்பர்கள் சொன்ன முதல் பெயர்கள் அட்வான் நியோவா ஏடி09, பொடென்சா ஆர்இ-71ஆர்எஸ், டோயோ ஆர்888ஆர். மூன்றும் இந்த அளவில் வருகின்றன, மூன்றும் சிப்பாங் பந்தயத் தடத்துக்குப் போகிறவர்களுக்கு அருமையானவை. எனக்கு வேண்டாம் என்று முடிவு செய்ததற்குக் காரணங்கள் உண்டு. இந்த வகை டயர்கள் சூடேறிய பிறகுதான் முழுப் பிடிப்பைத் தரும். பாயான் லெப்பாஸில் வேலை முடிந்து வீட்டுக்குப் போகும் நெரிசலில் அந்தச் சூடு எங்கே வரப்போகிறது? பள்ளங்களும் குறைவு. எல்லாவற்றுக்கும் மேல், அவ்வளவு பிடிப்பை இந்தக் காரின் முப்பது வருஷத்துக்கு மேல் பழைய சஸ்பென்ஷன் ரப்பர் புஷ்களும் ஹப் பேரிங்குகளும் தாங்க வேண்டும். டயர் பிடிக்கும் ஒவ்வொரு கிலோ விசையும் அவற்றின் வழியாகத்தான் உடம்புக்குப் போகிறது. முதலில் புஷ், அப்சார்பர் எல்லாம் புதுசாக்குங்கள், பிறகு அந்த டயருக்குப் போங்கள் என்று சொல்வேன்.

எடை குறைந்த காருக்கு மழையில் ஒரு தனி ஆபத்தும் உண்டு. எம்எக்ஸ்-5 கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர் காற்றழுத்தம் முன்னும் பின்னும் 26 பிஎஸ்ஐ என்கிறது, நம் பெட்ரோல் நிலைய இயந்திரத்தில் 180 கிலோபாஸ்கல். 1960களில் நாசா விமானச் சக்கரங்களை வைத்துக் கண்ட ஒரு கணக்கின்படி, பள்ளமே இல்லாத டயர் ஆழமான நீரில் எந்த வேகத்தில் மிதக்கத் தொடங்கும் என்பது காற்றழுத்தத்தைப் பொறுத்தது. 36 பிஎஸ்ஐக்கு மணிக்கு ஏறக்குறைய 100 கிலோமீட்டர், 26 பிஎஸ்ஐக்கு 85. நல்ல பள்ளம் உள்ள டயர் நீரை வெளியே தள்ளுவதால் இந்த எண் நமக்கு அப்படியே பொருந்தாது. ஆனாலும் பினாங்குப் பாலத்தில் வேக வரம்பு 80 என்பதையும், வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் 110 என்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் என் கவலை புரியும். எனக்கு வேண்டியது ஆழமான, நேரான நீர்ப்பள்ளம் உள்ள டயர். ஃப்ளேவாவின் முகம் ஒரே திசையில் உருள்வதற்கென்று வெட்டப்பட்டது, நடுவிலிருந்து பக்கங்களுக்கு நீரை ஒதுக்கும் வடிவம். 2016இல் ஜப்பானில் வந்த மாடல், ஆக இது புதிய கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. அட்வான் வரிசையில் நியோவாவுக்குக் கீழே, சாலைக்கென்று செய்தது.

சுமை எண் 82, அதாவது ஒரு டயர் 475 கிலோ தாங்கும். நான்கும் சேர்ந்து 1,900 கிலோ. என் காரில் இரண்டு பேர் ஏறி, பூட்டில் ஒரு மூட்டை டுரியான் வைத்தாலும் அதில் பாதி சொச்சம்தான் வரும். எனவே எக்ஸ்எல் (கூடுதல் சுமைக்கானது) என்று எழுதிய, பக்கச் சுவர் தடித்த டயரை யாராவது “இதுதான் ஸ்ட்ராங்” என்று நீட்டினால் வாங்காதீர்கள். கனமான காருக்கு அது வேண்டும். இதற்கு அது வெறும் முரட்டுத்தனம்.

கடை. ஜெலுத்தோங்கில் ஒரு சின்னக் கடையில் போட்டேன். தவுக்கே, அதாவது முதலாளி, சீனர், வேலை பார்ப்பது நம் பையன் ஒருவர். ஃபோனிலேயே கேட்டேன், “தம்பி, டயர் எந்த வருஷம், எந்த வாரம்?” இன்னொரு கடையில் இதே கேள்விக்கு “புதுசுதான், புதுசுதான்” என்று மட்டும் பதில் வந்தது. இந்தத் தம்பி உள்ளே போய் நான்கு டயரின் குறியீட்டையும் படம் பிடித்து அனுப்பினார். நான்கும் ஒரே வாரம், செய்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. “அக்கா, பழைய கார்னு சொன்னீங்க, ஜாக் வைக்கிற இடம் காட்டிடுங்க” என்றும் சேர்த்து எழுதியிருந்தார். அந்த ஒரு வரியில் கடையை முடிவு செய்துவிட்டேன்.

ஏன் அது முக்கியம் என்றால், முதல் தலைமுறை எம்எக்ஸ்-5இன் கதவுக்குக் கீழே உள்ள தகட்டு விளிம்பு எளிதில் நசுங்கும். கடையின் பெரிய ஜாக்கைக் கண்ட இடத்தில் வைத்தால் தகடு மடங்கி, பெயின்ட் விட்டு, துரு உள்ளே போகும். முன்பக்கம் குறுக்குச் சட்டத்தின் நடுவிலும், பின்பக்கம் டிஃபரன்ஷியலின் அடியிலும் தூக்கலாம். பக்கத்தில் தூக்கினால் பள்ளம் வெட்டிய ரப்பர் கட்டை வைக்க வேண்டும். தம்பி ரப்பர் கட்டை வைத்தார். நட்டுகளைக் காற்றுத் துப்பாக்கியால் அடித்துவிட்டு விடவில்லை, இறுக்கும் விசையை அளக்கும் டார்க் ரெஞ்சை எடுத்து 100 நியூட்டன் மீட்டருக்கு வைத்துக் கையால் முடித்தார். உருளும் திசை அம்பு நான்கிலும் சரியா என்று நான் பார்ப்பதற்குள் அவரே ஒரு சுற்று பார்த்துவிட்டார். நான்கு டயர், பேலன்சிங், வால்வு எல்லாம் சேர்த்து 1,300 வெள்ளிக்கு (ரிங்கிட்) கொஞ்சம் மேல் ஆனது. பேரம் பேசவில்லை.

ஒரே இடத்தில்தான் குறுக்கிட்டேன். காற்று அடிக்கும்போது வழக்கம்போல 230 வைக்கப் போனார். ஸ்டிக்கரைக் காட்டி 190 வைக்கச் சொன்னேன். ஸ்டிக்கர் 180தான், ஆனால் பதினைந்து அங்குல ரிம்மில் பக்கச் சுவர் குட்டை என்பதால் கொஞ்சம் கூட்டினேன். 230 அடித்தால் இந்த எடைக்கு டயரின் நடுப்பகுதி மட்டும்தான் தரையைத் தொடும், கார் குதிக்கும். பழைய லேசான கார் வைத்திருக்கும் யாரும் கடையை விட்டு வெளியேறும் முன் இதைச் சரிபார்க்க வேண்டும்.

அலைன்மென்ட் அந்தக் கடையில் செய்யவில்லை. நான்கு சக்கரத்துக்கும் இரட்டை விஷ்போன் சஸ்பென்ஷன், முன்னும் பின்னும் கீழ்க் கையில் உள்ள சுழல் போல்ட்டுகளைத் திருப்பித்தான் கோணம் வைக்க வேண்டும். பல வருஷம் தொடாத போல்ட்டுகள் துருவேறி இறுகிவிடும். முன் சக்கரத்தில் டோ (சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் கோணம்) மட்டும் பார்த்து அனுப்பும் இடத்தில் இந்தக் காரைக் கொடுத்து பயன் இல்லை. எனக்குத் தெரிந்த ஃபோர்மன் (மெக்கானிக்) ஒருவர் போல்ட்டுகளை முதல் நாளே எண்ணெய் விட்டு ஊறவைத்து, ஓட்டுநர் இருக்கையில் என் எடைக்கு மணல் மூட்டை வைத்து, கேம்பர், அதாவது சக்கரத்தின் மேல்பக்கச் சாய்வு, முன்னால் ஒரு டிகிரி, பின்னால் ஒன்றரை டிகிரி உட்சாய்வு வைத்தார். புது டயருக்கு ஆயிரத்துக்கு மேல் கொடுத்துவிட்டு இதில் மிச்சம் பிடிப்பது சரியில்லை.

ஓட்டிப் பார்த்ததில்.

முதல் சில நூறு கிலோமீட்டர் மெதுவாகத்தான் போனேன். அச்சிலிருந்து எடுக்கும்போது பூசும் வழுக்கும் பொருள் தேய்ந்து போக வேண்டும். அப்புறம் தெலுக் பஹாங்கிலிருந்து பாலிக் பூலாவுக்கு, தித்தி கெராவாங் வழியாகப் போகும் மலைச் சாலை. தீவில் இருப்பவர்களுக்கு அந்தச் சாலையைத் தெரியும். வளைவுக்குப் பின் வளைவு, மேலே மரங்கள், மழை நின்று வெகு நேரம் ஆன பிறகும் நிழலில் ஈரம், ஓரத்தில் அழுகிய இலையும் செம்மண்ணும். இங்கே ஃப்ளேவா எனக்குத் தந்தது நம்பிக்கை. பிடிப்பு எவ்வளவு என்பதைவிட, பிடிப்பு தீரப்போகிறது என்பதை முன்கூட்டியே சொல்கிறது. ஈரமான வளைவில் கொஞ்சம் அதிகமாக மிதித்தால் பின்பக்கம் மெதுவாக, தகவல் கொடுத்துவிட்டு நகர்கிறது, காலை லேசாக எடுத்தால் திரும்பி வருகிறது. பழைய டயரில் அந்த முன்னறிவிப்பு கிடையாது, பிடிக்கும் அல்லது விடும், அவ்வளவுதான். ஈரத்தில் பிரேக் பிடிக்கும்போது முன் சக்கரம் பூட்டிக்கொள்ளும் எல்லையும் நன்றாகத் தள்ளிப் போயிருக்கிறது.

பாலத்தில் அடைமழையில் வலது தடத்தில் நீர் தேங்கியிருந்தபோது ஸ்டீரிங் லேசாகவில்லை. அதற்காகத்தான் இந்த டயரை வாங்கினேன். அது நிறைவேறியது.

குடும்பக் கார் டயரைவிடச் சத்தம் கூடுதல், கூரை மூடியிருந்தால் தெரியும். துணிக் கூரைக் காரில் அது எனக்குப் பெரிதாகப் படவில்லை. பாலத்து இணைப்புகளில் தட்டும் ஓசை 50 தொடர் டயர் எதிலும் வரும். நியோவா போட்ட காரின் கூர்மையான திருப்பத்தை எதிர்பார்த்து இதை வாங்க வேண்டாம். ஸ்டீரிங்கின் நடுப்பகுதி அதைவிட மென்மை.

சுங்கை ஆராவில் இருக்கும் நண்பர் இதே காரில் பழைய பதினான்கு அங்குல ரிம்மும் எக்ஸ்எம்2 பிளஸும் போட்டிருக்கிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் கார்களை மாற்றிக்கொண்டோம். அவர் கார் குழிகளை விழுங்கிக்கொண்டு போகிறது, ஸ்டீரிங் இன்னும் லேசு, குறைந்த வேகத்திலேயே உடம்பு சாய்ந்து நெளிந்து சந்தோஷம் காட்டுகிறது. 1989இல் இந்தக் காரை உருவாக்கியவர்கள் நினைத்தது ஏறக்குறைய அதுதான் என்று தோன்றுகிறது. காரை அசல் நிலையில் காப்பாற்ற நினைப்பவர்களுக்கு நான் தயங்காமல் அதைச் சொல்வேன். மலைச் சாலையும் மழையும் என் வாரத்தில் அதிகம், அதனால் நான் பதினைந்திலேயே இருக்கிறேன்.

இனி ஸ்பேர் டயர். இதைப் பெரும்பாலும் யாரும் பார்ப்பதில்லை. பூட்டில் கிடக்கும் மெல்லிய டி115/70 டி14 டயர், 60 பிஎஸ்ஐ காற்று வேண்டும், மணிக்கு 80 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டக்கூடாது. என் காரில் இருந்ததில் தேதிக் குறியீடு மூன்றே இலக்கம், அதாவது 2000க்கு முன் செய்தது. அதை நம்பி ஈப்போ வரைக்கும் போக முடியாது. நான் கேட்ட கடைகளில் அந்த அளவு புதுசாக இல்லை. இப்போதைக்கு அடைப்பான் பாட்டிலும் 12 வோல்ட் காற்றுப் பம்பும் வைத்திருக்கிறேன். தேதி நல்லதாக உள்ள ஸ்பேர் தீவிலோ பிறையிலோ யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள், நானே வந்து எடுத்துக்கொள்கிறேன்.